நெற்பட்டடைக் காவற்பூனையின் வயிற்று நோய்
காத்திருக்கலாமா, வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டுமா?

பெரும்போக அறுவடை முடிந்து, நெல் காய்ந்து, மூடைகள் வீட்டறையில் அடுக்கப்பட்டதும் கமக்காரரின் கவலை வயலை விட்டு வீட்டுக்குள் வந்துவிடுகின்றது. வயலிலே வெள்ளத்துக்கும் பூச்சிக்கும் தப்பிய நெல்லை வீட்டிலே எலியிடமிருந்து காக்க வேண்டும். எலி தின்னும் நெல் ஒரு பங்கு. சாக்கைக் கடித்துச் சிந்துவதும், சிறுநீராலும் எச்சத்தாலும் கெடுப்பதும் மற்றொரு பங்கு. வயலில் இறங்குவோரை வருத்தும் எலிக்காய்ச்சலும் எலியின் சிறுநீர் வழியாகப் பரவுவதே.

பூனை எல்லா எலிகளையும் ஒழித்துவிடும் என்று கூறுவதற்கில்லை. நன்கு வளர்ந்த பெரிய எலியை எதிர்க்கப் பல பூனைகள் தயங்கும். எனினும் சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் பிடிப்பதில் அதற்கு நிகர் இல்லை. இரவு முழுவதும் கூலியின்றிக் காவல் செய்யும் இப்பிராணிக்கு நோய் வந்தால், "பூனைதானே, தானாகவே மாறிவிடும்" என்று விட்டுவிடுவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். பல வேளைகளில் அது தானாகவே மாறியும்விடுகின்றது. ஆனால் மாறாத வேளை எது என்பதை அறியாமையாலேயே பல பூனைகள் இறக்கின்றன.

மாட்டுக்கு நோயென்றால் உடனே வைத்தியரைத் தேடும் கமக்காரர், பூனையின் பொருட்டு ஒரு நாள் வேலையை விட்டுப் பட்டினம் செல்லத் தயங்குவது இயல்பே. ஆகவே ஒவ்வொரு முறையும் ஓட வேண்டியதில்லை. ஆனால் ஓட வேண்டிய முறையில் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியும் வகையே இங்கு கூறப்படுகின்றது.

ஒரு வீட்டில் இரு பூனைகள்

ஒரு பெட்டையும் ஒரு கடுவனுமாக இரண்டு பூனைகள் வளரும் ஒரு கமக்காரரின் வீட்டை உதாரணமாக எண்ணிப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலையில் பெட்டைப்பூனை முற்றத்தில் புல்லைத் தின்று, வயிறு குலுங்கச் சத்தி எடுக்கின்றது. வெளியே வந்தது சிறிது நுரையும், புல்லும், விரல்போல் திரண்ட மயிருமாகும். வீட்டார் அஞ்சுகின்றனர். ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் பூனை நீர் குடித்து, உடலை நக்கித் துடைத்து, மீன் நறுக்கும் இடத்துக்கு வந்து குரல் கொடுக்கின்றது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கடுவன் பூனை சாம்பற் குவியலிற் போய்க் குந்துகின்றது, முக்குகின்றது, எழுந்து வேறிடம் போய் மறுபடியும் குந்துகின்றது. ஒன்றும் வெளிவரவில்லை. சத்தியில்லை, வயிற்றோட்டமில்லை, இரத்தமில்லை. "மலச்சிக்கல், ஆமணக்கெண்ணெய் கொடுத்தாற் சரியாகும்" என்று அயலார் ஒருவர் கூற, அவ்வாறே கொடுக்கப்படுகின்றது. சனிக்கிழமை அது உணவைத் தொடவில்லை; மூலையிற் சுருண்டு கிடந்து சத்தி எடுக்கின்றது. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கொண்டு செல்லலாம் என்று வீட்டார் எண்ணுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை அது இறந்து விடுகின்றது.

அக்கடுவனுக்கு இருந்தது மலச்சிக்கல் அன்று. சிறுநீர்க்குழாய் அடைபட்டிருந்தது. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிக ஒடுங்கியது. மணல்போன்ற துகளும் சளியும் சேர்ந்து அதை எளிதில் அடைத்துவிடும். சிறுநீர் வெளியேறாவிடில் உடலிற் கழிவுகள் தேங்கி, பொற்றாசியம் என்னும் உப்பு இரத்தத்தில் மிகுந்து, இதயம் நின்றுவிடும். இது ஓரிரு நாட்களுக்குள்ளேயே நிகழக்கூடியது. அடைப்பு ஏற்பட்ட அன்றே வைத்தியர் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றியிருப்பின் அப்பூனை பிழைத்திருக்க இடமிருந்தது.

வீட்டார் அஞ்சிய நாள் அஞ்ச வேண்டாத நாள். அஞ்சாதிருந்த நாளே அஞ்ச வேண்டிய நாள். இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் யாதெனில், பூனையிலிருந்து வெளிவந்த பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது என்பதாகும். அப்பொருளையும் பார்க்க வேண்டும். அதற்கு மேலாகப் பூனையைப் பார்க்க வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டிய ஐந்து

பூனை தன் நோவை மறைக்கும் இயல்புடையது. நாய்போல் முனகிக்கொண்டு எசமானிடம் வராது. கட்டிலின் கீழோ மூடைகளின் இடுக்கிலோ ஒளிந்துகொள்ளும். எனவே வயிற்றுக் கோளாறு தோன்றியதும் அதை ஓர் அறையில் அடைத்து வைத்துப் பின்வரும் ஐந்தையும் பார்த்தல் நன்று. வெளியே உலாவவிட்டால் அது உண்டதா, கழித்ததா என்பது ஒருவருக்கும் தெரியாது.

1. உண்கின்றதா? விருப்பமான மீன் துண்டை மூக்கருகே வைத்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாயின் அது கவனத்துக்குரியது.

2. நீர் குடிக்கின்றதா, குடித்த நீர் வயிற்றில் தங்குகின்றதா?

3. சிறுநீர் கழிக்கின்றதா? இதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் உயிரைக் காப்பது பெரும்பாலும் இதுவே. ஒரு தட்டிலே மணலிட்டு வைத்தால் ஈரத்தைக் கொண்டு எளிதில் அறியலாம்.

4. எழுந்து நடமாடுகின்றதா, உடலை நக்கித் துடைக்கின்றதா? துப்புரவை விட்டுவிட்ட பூனை நோயுற்ற பூனை.

5. முரசின் நிறம் யாது? மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பார்த்தால் முரசு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 செக்கனுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெளிறிய, மஞ்சளான, நீலம் பாய்ந்த, அல்லது கபில நிறமான முரசு ஆபத்தைக் காட்டும். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் அது உடனே படிய வேண்டும்; கூடாரம்போல் நிற்குமாயின் உடலில் நீர் குறைந்துவிட்டது என்பது பொருள்.

கடிக்கும் நிலையிலுள்ள பூனையின் வாயைத் திறக்க முயலலாகாது. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

ஒரு நாள் காத்திருக்கக்கூடிய வேளைகள்

நன்கு வளர்ந்த பூனை, மேற்கூறிய ஐந்திலும் குறையின்றி இருக்குமாயின், பின்வருவனவற்றுக்கு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

ஓரிரு முறை சத்தி எடுத்துப் பின் வழக்கம்போல் இருத்தல், மயிர்த்திரளைக் கக்குதல், விரைந்து விழுங்கிய உணவை அப்படியே திருப்பிவிடுதல், மலம் சற்று இளகியிருந்தும் இரத்தம் இல்லாதிருத்தல் ஆகியன இவ்வகையின. உணவு திடீரென மாறியதாலும், பழுதான மீன்குடலைத் தின்றதாலும் இவை பெரும்பாலும் வருகின்றன. பசுப்பாலும் ஒரு காரணம். பூனைக்குப் பால் விருப்பமானதாயினும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள வெல்லத்தைச் செரிக்கும் நொதியம் போதாது. கலத்திலிட்ட பால் வயிற்றோட்டமாக முற்றத்தில் வந்து நிற்கும். பாலை நிறுத்தியவுடன் சில பூனைகளின் வயிற்றோட்டமும் நின்றுவிடுவதைக் காணலாம்.

இவ்வொரு நாளிற் செய்ய வேண்டியவை சில. தூய நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். சத்தி நின்று சில மணித்தியாலம் சென்றபின், உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேராது அவித்த கோழியிறைச்சியை அல்லது முள் நீக்கிய மீனைச் சிறிதளவாகப் பல முறை கொடுக்கலாம். ஒரு பிடி குழைந்த சோறும் அதனுடன் சேரலாம். பூனையைப் பட்டினி போட்டு வயிற்றை ஆற்றலாம் என்னும் எண்ணம் தவறானது. மனிதருக்கு ஒரு நாள் நோன்பு நன்மையாகலாம், பூனைக்கு அவ்வாறன்று. இரண்டு மூன்று நாட்கள் உண்ணாத பூனையின் உடற்கொழுப்பு ஈரலிற் சென்று படிந்து, ஈரல் செயலிழக்கக் கூடும். கொழுத்த பூனைக்கே இவ்வாபத்து அதிகம்.

அடுத்த நாளும் குணம் தெரியாவிடின் வைத்தியரிடம் செல்வதே முறை.

அன்றைய தினமே செல்ல வேண்டிய வேளைகள்

பின்வருவனவற்றுள் ஒன்று காணப்படினும் அன்றே அரசாங்கக் கால்நடை வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு அல்லது அருகிலுள்ள தனியார் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் சத்தி எடுத்தல். குடித்த நீரையும் கக்குதல். சத்தியும் வயிற்றோட்டமும் ஒருங்கே வருதல். மலத்தில் இரத்தம் காணப்படுதல், அல்லது மலம் தார்போற் கறுத்திருத்தல். ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாதிருத்தல். இரண்டு மூன்று நாட்களாக மலங்கழிக்காதிருத்தல். வயிற்றைத் தொட்டாற் சீறுதல். கண்வெண்மையோ முரசோ மஞ்சளாதல். சில வாரங்களாக நன்கு உண்டும் உடல் மெலிந்து வருதல் ஆகியன இவை.

பல அரசாங்க அலுவலகங்கள் வார இறுதியில் மூடப்பட்டிருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ஐயம் தோன்றினால் பிற்பகலுக்குள் முடிவு செய்தல் வேண்டும். ஐயத்தைத் திங்கள்வரை கொண்டுபோவது, மேற்கூறிய கடுவனின் கதையை மீண்டும் நிகழ்த்துவதாகும்.

ஒரு மணித்தியாலமும் தாமதிக்கலாகாத வேளைகள்

முதலாவது, பூனை முக்கியும் சிறுநீர் வராமை. கடுவனாயின் இதை அடைப்பு என்றே கருதிப் புறப்பட வேண்டும். சிறுநீர் வராதது உறுதியா, மலம் வராதது உறுதியா என்று தெரியாவிடினும் புறப்படுவதே நன்று. அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற முயலலாகாது. நிறைந்த பை வெடித்துவிடும்.

இரண்டாவது, நூல் விழுங்குதல். சாக்குத் தைக்கும் சணல் நூல், தூண்டில் நூல், இறைச்சி கட்டிய நூல் என்பவற்றைப் பூனை விளையாட்டாய்க் கடித்து விழுங்கும். அதன் நாவிலுள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வாயிற் புகுந்த நூலை அது துப்புதல் அரிது. வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குமாயின் அதை இழுக்கவே கூடாது. நூலின் ஒரு முனை உள்ளே சிக்கியிருக்க மறுமுனையை இழுத்தால், அது வாள்போற் குடலை அறுத்துவிடும். தொங்கும் நூலை அப்படியே விட்டு வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாவது, வலிப்பு, தள்ளாட்டம், மூச்சுத்திணறல், உடல் குளிர்ந்து சோர்தல் ஆகியன சத்தியுடன் சேர்ந்து வருதல். இங்கு நஞ்சையே முதலில் ஐயுற வேண்டும்.

கமத்திலுள்ள நஞ்சுகள்

கமக்காரரின் பூனைக்குப் பட்டினத்துப் பூனைக்கு இல்லாத ஓர் ஆபத்து உண்டு. எலியை ஒழிக்கப் பூனையையும் எலிப்பாஷாணத்தையும் ஒரே வீட்டில் வைத்திருப்போர் பலர். பாஷாணம் உண்ட எலி தளர்ந்து மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும் எலியே பூனைக்கு முதலில் அகப்படும்.

எலிப்பாஷாணங்களுள் நாகபொசுபைட்டு என்பது கருஞ்சாம்பல் நிறமான தூள். இது இரைப்பையிலுள்ள அமிலத்துடன் சேர்ந்து பொசுபீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடும். சில மணித்தியாலத்துக்குள் சத்தியும் மூச்சுத்திணறலும் தோன்றும். இந்நஞ்சு உண்டதாக ஐயம் ஏற்படின் பூனைக்கு உணவு ஊட்டலாகாது; உணவு அமிலத்தைச் சுரக்கச் செய்து வாயுவை அதிகரிக்கும். பூனை கக்கியதிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் தீங்கானது. ஆகவே யன்னல்களைத் திறந்து, முகத்தை அருகிற் கொண்டுசெல்லாமல் துப்புரவு செய்ய வேண்டும். பூனையை வாகனத்திற் கொண்டு செல்லும்பொழுதும் காற்றோட்டம் இருத்தல் வேண்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகைப் பாஷாணங்கள் வேறு விதமானவை. இவற்றின் குறிகள் உடனே தோன்றா. இரண்டு முதல் ஐந்து நாட்கள் சென்றபின் பூனை சோர்ந்து, முரசு வெளிறி, மலத்திலோ மூக்கிலோ இரத்தம் காணப்படும். அப்பொழுது பாஷாணம் வைத்த நினைவே வீட்டாருக்கு இராது. இதற்கு மாற்றாக உயிர்ச்சத்து கே1 உண்டு. காலந் தாழ்த்தாது வைத்தியர் அதைக் கொடுப்பின் பூனை பிழைக்கலாம். பாஷாணப் பெட்டியை அல்லது உறையை வைத்தியருக்குக் காட்டுதல் மிகவும் பயன்தரும். எந்த நஞ்சு என்பது தெரிந்தாலன்றி எந்த மாற்று என்பது தெரியாது.

மரக்கறித் தோட்டத்திற் பூச்சிகொல்லி தெளித்த பாத்திகளின் ஊடே நடந்த பூனை, பின்னர்த் தன் பாதத்தையும் மயிரையும் நக்கி நஞ்சை உட்கொள்ளும். எச்சில் ஒழுகுதல், கண்ணீர் வடிதல், கண்மணி ஊசித்துளைபோற் சுருங்குதல், வயிற்றோட்டம், தசைத்துடிப்பு ஆகியன சில வகைப் பூச்சிகொல்லிகளின் குறிகளாகும். பூனை தன்னுணர்வுடன் இருக்குமாயின், கையுறை அணிந்து, மயிரைச் சவுக்கார நீராற் கழுவித் துடைத்துவிட்டு, உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். எந்த நஞ்சாயினும் உப்பு நீர் புகட்டிச் சத்தி எடுக்க வைக்க முயலலாகாது. அந்நீர் சுவாசப்பையுட் புகுந்து மற்றொரு நோயை உண்டாக்கும். உப்பும் அளவு மீறின் நஞ்சே.

வீட்டு மருந்துகளாற் கேடு

வைத்தியரிடம் வரும்வரை எதைக் கொடுக்க வேண்டும் என்பதைவிட, எதைக் கொடுக்கலாகாது என்பதே முதன்மையானது.

பனடோல் என்று வீடுகளில் வழங்கும் பரசிற்றமோல் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. மனிதரின் ஈரல் இம்மருந்தை மாற்றி வெளியேற்றும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதியம் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதியது. உண்டபின் முரசு கபில நிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு வாங்கும். மனிதருக்கான வேறு நோவு மாத்திரைகளையும், வயிற்றோட்டம் நிறுத்தும் மாத்திரைகளையும் வைத்தியர் கூறாமற் கொடுக்கலாகாது.

வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிப்பன. வீட்டில் மிஞ்சிய மீன்குழம்பைச் சோற்றிற் பிசைந்து பூனைக்கு இடுவது வழக்கமாயினும், குழம்பு சேர்க்குமுன் மீன் துண்டைத் தனியே எடுத்து அவித்து வைப்பதே நன்று. எண்ணெயை வாயில் வலிந்து ஊற்றுவதும் ஆபத்தானது. அது சுவாசப்பையுள் இறங்கலாம். தெள்ளு நீக்க மண்ணெண்ணெய் பூசுவதும், நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்கு இடுவதும் கூடாது. நக்கியே தன்னைத் துப்புரவு செய்யும் பிராணிக்கு, உடலிற் பூசியதெல்லாம் வாயிற் கொடுத்தது போலாகும்.

குட்டிகளுக்கு வேறு கணக்கு

இதுவரை கூறிய ஒரு நாள் தவணை நன்கு வளர்ந்த பூனைக்கே உரியது. குட்டியின் உடலில் நீரும் வெல்லமும் மிகச் சிறிதளவே சேமிப்பில் உண்டு. சத்தியுடனோ வயிற்றோட்டத்துடனோ சோர்ந்து கிடக்கும் குட்டியை அன்றே, இயன்றால் அந்நேரமே, கொண்டு செல்ல வேண்டும். வழியிற் குளிராவண்ணம் துணியிற் சுற்றி வைத்தல் அவசியம்.

குட்டிகளின் வயிறு உப்பி, உடல் மெலிந்து, மலத்தில் வெண்ணூல்போன்ற புழு காணப்படுவது வட்டப்புழுவின் குறி. தாய்ப்பால் வழியாகவும் இப்புழு குட்டியை அடைகின்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகப் பாலூட்டும் காலத்திலும், பின்னர் ஆறு மாத வயதுவரை மாதம் ஒரு முறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் புழு மருந்து கொடுத்தல் நன்று. மருந்தின் அளவு பூனையின் நிறையைப் பொறுத்தது. ஆகவே முதன்முறை வைத்தியரிடம் நிறுத்துக் கேட்டறிதல் வேண்டும். எலி பிடிக்கும் பூனைக்கு எலியிலிருந்தும், தெள்ளுள்ள பூனைக்குத் தெள்ளிலிருந்தும் நாடாப்புழு வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தடுப்பூசி போடாத குட்டிகளை மளமளவென்று கொல்லும் வைரசு நோய் ஒன்று உண்டு. இதனை வைத்தியர்கள் பன்லூக்கோபீனியா என்பர். கடுங்காய்ச்சல், தொடர்ந்த சத்தி, இரத்தங் கலந்த வயிற்றோட்டம் ஆகியன இதன் குறிகள். நீர்க்கலத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்கமாட்டாது கிடக்கும் குட்டியைக் காணின் இந்நோயை ஐயுறலாம். இவ்வைரசு வீட்டுத் தரையில் ஓராண்டுவரையும் அழியாதிருக்கக் கூடியது. வெளிற்றும் குளோரின் நீரே அதை அழிக்க ஏற்றது. இரண்டு மாத வயதளவில் தொடங்கும் தடுப்பூசி இந்நோயைத் தடுக்கும்.

கொண்டு செல்லும் முறை

பூனையைச் சாக்கிலிட்டு வாயைக் கட்டிக் கொண்டு செல்லலாகாது. மூச்சு முட்டும், அச்சத்தால் நோயும் பெருகும். காற்றுத் துளையிட்ட கடதாசிப் பெட்டியோ, மூடியுள்ள கூடையோ போதும். உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் பழந்துணியை விரித்தால் அமைதியாயிருக்கும். புறப்படுமுன் தொலைபேசியில் அலுவலகத்தை அழைத்து, வைத்தியர் இருக்கின்றாரா அல்லது வெளிக்களப் பணிக்குச் சென்றுள்ளாரா என்பதை அறிந்துகொண்டால் வீண் அலைச்சல் இராது.

வைத்தியர் கேட்பவற்றுக்கு விடை ஆயத்தமாயிருத்தல் நன்று. நோய் தொடங்கிய நேரம், சத்தி எத்தனை முறை, மலம் எத்தகையது, கடைசியாக உண்டதும் சிறுநீர் கழித்ததும் எப்பொழுது, வீட்டிலோ அயலிலோ பாஷாணம் வைக்கப்பட்டதா, தோட்டத்தில் என்ன மருந்து தெளிக்கப்பட்டது, வீட்டில் ஏதும் மருந்து கொடுக்கப்பட்டதா என்பனவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளலாம். கொடுத்த மருந்தை வெட்கத்தால் மறைத்தல் கூடாது. சிறிதளவு மலத்தைத் தூய போத்தலில் எடுத்துச் செல்வதும், கக்கியதைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக் காட்டுவதும் உதவியாகும்.

வீட்டாரின் பாதுகாப்பு

எச்சில் ஒழுக, விழுங்கமாட்டாது, இயல்புக்கு மாறாகச் சீறும் பூனைக்கு விசர்நோய் இருத்தலுங் கூடும். தொண்டையில் முள் சிக்கியதென்று எண்ணி அதன் வாயுட் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் நீரிற் சவுக்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பூனையின் மலத்தில் தொட்சொபிளாசுமா என்னும் நுண்ணுயிர் இருக்கலாம். இது கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கானது. ஆகவே கருப்பமுற்ற பெண்கள் பூனை மலத்தை அகற்றலாகாது. இந்நுண்ணுயிர் மலத்துடன் வெளிவந்து ஒரு நாளாவது சென்ற பின்னரே தொற்றும் ஆற்றல் பெறுவதால், நாடோறும் மலத்தை அகற்றிப் புதைப்பது நன்று. மரக்கறிப் பாத்திகளைப் பூனைகள் மலங்கழிக்குமிடமாக்கி விடுவதுண்டு. பாத்தியில் வேலை செய்தபின் கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுதலும், பச்சையாக உண்ணும் கீரையையும் கரட்டையும் நன்கு கழுவுதலும் இதனால் இன்றியமையாதன.

முடிவாக

நெல் சேமித்த அறையில் எலிப்பாஷாணத்தை விட்டு எலிப்பொறியைப் பயன்படுத்துதல், சணல் நூலையும் தூண்டில் நூலையும் பெட்டியிலிட்டு மூடி வைத்தல், பீடைநாசினிகளைப் பூட்டி வைத்தல், பால் வார்க்கும் கலத்தில் தூய நீர் வார்த்தல், காலந்தோறும் புழு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்தல் ஆகிய ஐந்தும் செலவு குறைந்தவை. இவற்றைச் செய்யும் வீட்டில் பூனையின் வயிற்று நோய் அரிதாகவே வைத்தியர்வரை செல்லும்.

அவ்வாறு நோய் வந்தவிடத்து, உண்ணும், குடிக்கும், சிறுநீர் கழிக்கும், நடமாடும் பூனைக்கு ஒரு நாள் பொறுக்கலாம். இந்நான்கில் ஒன்று நின்றுவிட்ட பூனையை அன்றே கொண்டு செல்ல வேண்டும். சிறுநீர் நின்ற பூனைக்கும், நஞ்சுண்ட பூனைக்கும், நூல் விழுங்கிய பூனைக்கும் பொழுது விடியும்வரை காத்திருக்கலாகாது. முற்றத்தில் மயிரைக் கக்கிய பெட்டைப்பூனை அன்றிரவே பட்டடைக்குக் காவல் திரும்பியது. சாம்பற் குவியலிற் குந்தியிருந்த கடுவன் எத்தனை நேரமாய் அவ்வாறு குந்தியிருந்தது என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால், அதுவும் திரும்பியிருக்கும்.